‘அது ஷோவுக்கு’: சுவரில் தொங்கும் உகுலேலேக்கள் குறித்து ஒரு கண்டனம்

சென்ற ஆவணியில் நண்பர் ஒருவரின் புதுமனைப் புகுவிழாவுக்குச் சென்றிருந்தோம். சென்னையின் தென்கோடியில் பதினோராவது மாடி. ஹோமப் புகை அடங்கி, பந்தி முடிந்து, வீட்டைச் சுற்றிக் காட்டும் சடங்கு தொடங்கிற்று. கூடத்தின் மேற்குச் சுவரில், மரத்தில் செதுக்கிய புத்தர் முகத்துக்கும் சட்டமிட்ட மதுபானி ஓவியத்துக்கும் நடுவே, ஏறத்தாழ ஏழடி உயரத்தில், ஓர் உகுலேலே. அதன்மேல் மஞ்சள் ஒளி பாய்ச்சும் குவிவிளக்கு. நான்கு தந்திகளில் இரண்டைக் காணவில்லை. பிரடையொன்றில் சணல் கயிற்றைக் கட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். நண்பரின் அண்ணன் மகள், ஒன்பது வயதிருக்கும், சோபாவின் மீதேறி எட்டிப் பார்த்தாள். அவளுடைய தாயார் சமையலறையிலிருந்தே குரல்கொடுத்தார்: ‘தொடாதே, அது ஷோவுக்கு.’

இந்த மூன்று சொற்களுக்கு எதிராகத்தான் இக்கட்டுரை.

சிற்றிதழ் வாசிக்கும் நண்பர்களுக்கு இது அற்ப விஷயமாகப் படக்கூடும். கெட்டி அட்டைத் தொகுதிகளை நிறவாரியாக அடுக்கிவைத்து, ஒன்றைக்கூடப் பிரிக்காத வீடுகளைப் பற்றி நாம் எல்லோரும் ஒருமுறையேனும் பொருமியிருக்கிறோம்; அதுபோல இதுவும் ஒன்று, இதற்கென்று தனிக் கோபம் எதற்கு என்று கேட்கலாம். புத்தகம் படிக்கப்படாமல் கிடப்பதால் மட்டும் சாவதில்லை. செல்லரிக்காத வரையில், ஐம்பது ஆண்டு கழித்து எவரேனும் திறந்தால் எழுத்து அங்கேயே இருக்கும். வாத்தியத்தின் நிலை வேறு. அது மரம். தந்தி அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பருவம் அதை ஊதவும் சுருங்கவும் வைக்கிறது. அன்றாடம் கையில் எடுப்பவனுக்குத்தான் குதிரை மெல்ல எழும்புவதும், ஒரு மெட்டின் முனை விரலில் இடறுவதும் தெரியவரும். எடுக்கப்படாத வாத்தியத்தின் நோயை அறிய யாருமில்லை. காட்சிக்கு வைத்திருப்பவர் ஐந்தாண்டு கழித்துத் தூசு தட்டும்போது பிளவைக் காண்பார். அப்போதும் அதை ‘பழமையின் அழகு’ என்று சொல்லிக்கொள்வார்.

முதலில் அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லிவிடுவோம். ‘யூகலேலி’ அமெரிக்க வாயில் திரிந்த உச்சரிப்பு. ஹவாய் மொழியில் ‘உகு’ தெள்ளுப்பூச்சி, ‘லேலே’ தாவுதல். தந்திமேல் தாவும் விரல்களைப் பார்த்து இட்ட பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அரசி லிலியோகலானி இதை ஏற்காமல், ‘இங்கு வந்துசேர்ந்த கொடை’ என்று வேறொரு பொருளைச் சொன்னார். கவித்துவம் கூடிய விளக்கம் அரசியுடையது. ஆனால் பூச்சிக்கே எங்கள் வாக்கு. தாவாத பூச்சி எப்படிப் பூச்சியாகும்?

வந்துசேர்ந்த கதை கரும்பின் கதை. 1879 ஆகஸ்டில் ‘ராவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் மதேய்ரா தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட போர்த்துகீசியரை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுவை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலம். அவ்வாண்டு மே மாதத்தில்தான் ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஃபிஜிக்குக் கொண்டுசேர்த்தது. நம்மவர்கள் சென்னைத் துறைமுகம் வழியாக அங்கே போகத் தொடங்கியது 1903இல். பாரதி கண்ணீர் வடித்த கரும்புத் தோட்டமும் உகுலேலே பிறந்த கரும்புத் தோட்டமும் ஒரே பசிபிக் கடலின் இரு கரைகளில் நின்றன. ராவன்ஸ்கிராக்கில் வந்தவர்களில் மூவர் மரச்சாமான் செய்யும் தச்சர்கள்: மானுவல் நூனஸ், அகஸ்டோ டியஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட ஒப்பந்தம் தீர்ந்ததும் ஹொனலூலுவில் பட்டறை போட்டார்கள். மதேய்ராவில் ‘மஷேட்டி’ என்றழைக்கப்பட்ட சிறு நாலுதந்தி வாத்தியத்தை அங்கே விளையும் கோவா மரத்தில் செய்தார்கள். கோவா நம்மூர் வேலமரத்துக்குத் தூரத்து உறவு. மன்னர் கலாகௌவா அதை ஹுலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக அரண்மனைக்குள்ளேயே ஏற்றார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மூட்டையோடு மூட்டையாகக் கப்பலேற வேண்டும், வேலை முடிந்து வந்தவன் கைகழுவியதும் எடுத்து மடியில் வைக்க வேண்டும் என்ற தேவையே அந்த அளவைத் தீர்மானித்தது. தலை முதல் அடி வரை அரை மீட்டரைச் சற்றே தாண்டும். எடை பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள். அந்தச் சிறுமை அழகுக்காக வந்ததன்று, கைக்காக வந்தது. அதே சிறுமையே பிறகு அதற்குப் பகையாயிற்று. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசை அமெரிக்கர்களை மயக்கியது. அடுத்த ஆண்டே பெரிய கித்தார் நிறுவனங்கள் உகுலேலே வார்க்கத் தொடங்கின. சில பத்தாண்டுகளில் அது கடற்கரைக் கேலிப்படத்தின் அடையாளச் சின்னமாகிவிட்டது. 1949இல் மாரியோ மக்காஃபெர்ரி பிளாஸ்டிக்கில் செய்து லட்சக்கணக்கில் விற்றார். (மக்காஃபெர்ரி லேசுப்பட்டவர் அல்லர், ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த செல்மர் கித்தாரை வடிவமைத்தவர். அவருடைய பிளாஸ்டிக் உகுலேலே சுருதி சேர்ந்து பேசும்.) பொம்மை என்ற முத்திரை ஒருமுறை விழுந்தபிறகு எளிதில் அழிவதில்லை. 1993இல் இஸ்ரேல் கமகவிவோலேயின் இசைத்தட்டு வந்தபிறகும், 2006இல் ஜேக் ஷிமாபுகுரோ நியூயார்க்கின் பூங்காவொன்றில் அமர்ந்து வாசித்த காணொளியை உலகமே பார்த்தபிறகும், நம் நடுத்தர வர்க்கக் கூடத்தில் அது புத்தர் முகத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது.

காட்சிக்கு வைப்பதே பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. இங்கே தெளிவாக இருக்க விரும்புகிறோம். எங்களுக்கு இருமுனையிலும் எதிரிகள் உண்டு. மறுமுனையில் நிற்பவர் சேகரிப்பாளர். அவர் கோவா மர உகுலேலேவை வாங்கிய அன்றே கெட்டிப் பெட்டியில் பூட்டி, பெட்டியைப் பரணிலோ பீரோவின் உச்சியிலோ ஏற்றிவிடுகிறார். விருந்தினர் வந்தால் இறக்கி, திறந்து, மூடி, ஏற்றுகிறார். மேல்தளத்துக்கு அடியில் இருக்கும் பரண், சித்திரை வெயிலில் வீட்டிலேயே வெப்பம் மிகுந்த இடம். பீரோவுக்குள் வைப்பவர் பாதுகாப்புக்கு அந்துருண்டையும் போட்டுவைக்கிறார். அந்துருண்டையின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மக்காஃபெர்ரி பயன்படுத்திய பாலிஸ்டைரீன் அவ்வகையைச் சேர்ந்தது. பூச்சியிடமிருந்து காப்பாற்றக் கிளம்பி வாத்தியத்தையே பூச்சியாகப் பாவிக்கும் இந்தப் பேரன்பைவிட ஏழடி ஆணி எவ்வளவோ மேல் என்று சில சமயம் தோன்றும்.

இப்போது, எங்களை இக்கட்டுரைக்குத் தூண்டிய இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருவோம். எங்கள் குழுவிலேயே ஒருவர், மொழிபெயர்ப்புகளில் ஒரு காற்புள்ளி இடம்மாறினாலும் நான்கு பக்கம் எழுதக்கூடியவர், முழு மரத்தில் செய்த உகுலேலே ஒன்றை வாங்கினார். அதைப் பேணுவது எப்படி என்று தேடி, ஆங்கிலத்திலிருந்து அப்படியே தமிழாக்கப்பட்ட அறிவுரை ஒன்றைக் கண்டடைந்தார். ‘பெட்டிக்குள் ஈரமூட்டும் பஞ்சு வைக்கவும், மரம் உலர்ந்து வெடிக்காமல் காக்கும்.’ அவர் வைத்தார். சென்னையில். கார்த்திகை மாதத்தில். தெருவில் முழங்காலளவு நீர் நின்ற வாரத்தில், துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் காயாத வீட்டில், நனைத்த பஞ்சைத் துளையிட்ட சோப்பு டப்பாவில் இட்டு, வாத்தியத்தோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தை பிறந்து திறந்தபோது குடத்தின் உட்புறத்தில் வெள்ளைப் பூஞ்சணம். மேற்பலகை வயிறுபோல் உப்பியிருந்தது. குதிரையின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி.

நண்பரைக் குற்றஞ்சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர் போதுமான அளவு அழுதுவிட்டார். குற்றம் அந்த அறிவுரையில். அது பொய்யன்று. பனி பெய்யும் நாட்டில் முழுமுற்றும் சரி. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். வெளியே உறைந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அதையே உள்ளிழுத்துச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மரம் தன் ஈரத்தைக் காற்றுக்கு இழக்கிறது, ரேகைக்குக் குறுக்குவாட்டில் சுருங்குகிறது. குறுக்குச் சட்டங்களில் ஒட்டப்பட்ட, இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பலகைக்குச் சுருங்க இடமில்லாததால் வெடிக்கிறது. எனவே அங்கே பஞ்சு. டொரன்டோவில் வாழும் நம் யாழ்ப்பாணத்து நண்பர் மார்கழியில் பஞ்சு வைக்காவிட்டால் நாங்களே அவரைக் கண்டிப்போம். ஆனால் சென்னைக் கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி எழுபதை ஒட்டி நிற்கிறது, மழைக்காலத்தில் எண்பதைத் தாண்டுகிறது. வாத்தியம் விரும்புவது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட நிலை. அதாவது நம் பகை நேரெதிர்த் திசையில் நிற்கிறது. நமக்கு வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம், அதுவும் அளவறிந்து.

பிரதியை மட்டும் பெயர்த்துப் பருவத்தைப் பெயர்க்க மறந்த மொழிபெயர்ப்பு இது. இலக்கியத்தில் இத்தகைய பெயர்ப்புகளை நாம் கிழித்துத் தொங்கவிடுகிறோம். வீட்டுக்குறிப்புகளில் வந்தால் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறோம். பசிபிக் தீவில் பிறந்த வாத்தியத்துக்கு மினசோட்டாவின் பனிக்கால மருத்துவத்தை வங்கக்கடலோரத்தில் செய்கிறோம். ஹொனலூலுவின் காற்றும் ஈரக்காற்றுதான் என்பதையாவது யோசித்திருக்கலாம்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறிவுரை எதையும் நம்புமுன் அதை வாங்கி, வாத்தியம் இருக்கும் அறையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். எங்கள் வீடுகளில் பார்த்தோம். இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் விடியற்காலை ஐம்பதுக்குப் பக்கத்தில். அணைத்து சன்னலைத் திறந்த இரண்டு மணி நேரத்தில் எழுபத்தைந்து. இந்தத் தினசரி ஏற்றஇறக்கம் நிலையான எழுபதைவிடக் கொடியது. அப்படிப்பட்ட அறையில் இரவில் வாத்தியம் பெட்டிக்குள் இருக்கட்டும். மூடிய பெட்டி மாற்றத்தை மெதுவாக்கும். குளிர்சாதனத்தின் வாய்க்கு நேரே எந்தக் காரணம் கொண்டும் தொங்கவிடாதீர்கள். ஒட்டுப்பலகையில் செய்த மலிவு உகுலேலே வைத்திருப்பவர்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. அது எளிதில் வெடிக்காது, பொறுத்துக்கொள்ளும். உண்மையில் நம் தட்பவெப்பத்துக்கு அதுவே உகந்தது என்று சொன்னால் சேகரிப்பாளர்கள் எங்களை அடிக்க வருவார்கள். மூடிய காரில் மட்டும் எந்த வகையையும் விடாதீர்கள். சித்திரை நண்பகலில் காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகும். இளகிய பசையைத் தந்தி இழுக்கும்.

தந்திகளை ஒவ்வொரு இரவும் தளர்த்த வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். இரும்புத் தந்திக் கித்தாரில் எழுபது கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பு இருக்கும். உகுலேலேவின் நைலான் தந்திகளில் மொத்தமாகச் சேர்த்தாலும் அதில் கால் பங்கு அளவே. அதைத் தாங்கவே செய்யப்பட்டது அந்தக் குடம். தினமும் தளர்த்துபவர் தினமும் சுருதி சேர்க்கச் சோம்பி, பதினைந்தாம் நாள் எடுப்பதையே நிறுத்திவிடுவார்.

சுவரில் மாட்டுவதற்கு வருவோம். மாட்டுங்கள். எடை குறைந்த வாத்தியம் என்பதால் தலைப்பகுதியைத் தாங்கும் இருவிரல் தாங்கியில் தொங்குவதால் அதற்குக் கேடில்லை. கேடு சணல் கயிற்றால், பிரடையில் கட்டுவதால். கட்டினவருக்கு அந்தப் பிரடை நாளை திருக வேண்டிய உறுப்பு என்ற நினைப்பே இருந்திருக்காது. ஆணி அடிக்காதீர்கள், துளையிட்டு, செருகி வைத்து, திருகாணி முடுக்குங்கள். தாங்கியின் ரப்பர் உறை சிலவகை மெருகைக் கறைப்படுத்தும், ஆகவே பழம்பருத்தித் துணியால் ஒரு சுற்று. மழைநீர் ஊறும் வெளிச்சுவர் வேண்டாம், மாலை வெயிலில் சுடும் மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம், அடுப்படியை ஒட்டிய சுவரும் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைப்பட்ட உட்சுவர் நல்லது. கண்ணாடிக் கதவிட்ட ஷோகேஸ், உள்ளே விளக்கு எரிவது, எல்லாவற்றிலும் மோசம்: பகலில் வேகும், மழையில் புழுங்கும், பூஞ்சணத்துக்கு அதைவிடச் சொர்க்கம் இல்லை. தரையில் நிறுத்தும் தாங்கி, துடைப்பமும் தவழும் குழந்தையும் பூனையும் இல்லாத வீட்டுக்குச் சரி. அப்படிப்பட்ட வீட்டை நாங்கள் இன்னும் கண்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான விதி உயரம் பற்றியது. அந்த வீட்டில் வாசிக்க ஆசைப்படும் மிகக் குள்ளமான ஆளின் கைக்கு எட்ட வேண்டும். ‘குழந்தை எடுத்து உடைத்துவிட்டால்?’ என்கிறார்கள். உடைக்கட்டும். தொடக்கநிலை உகுலேலேவின் விலை, அந்தக் கூடத்தில் தொங்கிய குவிவிளக்கின் விலையைவிடக் குறைவு. அறுந்த தந்தியை மாற்றப் பத்து நிமிடமும் ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசும் போதும்.

இதை இவ்வளவு காரமாகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்களில் ஒருவருடைய பெரியம்மாவிடம் தஞ்சாவூர் வீணை ஒன்று இருந்தது. ஒற்றைப் பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணை. கல்யாணத்துக்கு முன் எட்டு ஆண்டு கற்றவர். புகுந்த வீட்டில் வீணைக்குக் கண்ணாடி அலமாரி செய்து கூடத்தில் வைத்தார்கள். மருமகளின் சங்கீதம் வருவோர்க்கெல்லாம் சுட்டிக் காட்டப்பட்டது. வாசிக்கத் திறந்தால் தூசு ஏறும், பிள்ளைகள் கைவைப்பார்கள், இப்போது எதற்கு, நாளைக்கு ஆகட்டும். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் கரிப்பொடி கலந்த மெழுகில் பதிந்திருப்பவை. தெற்கு பார்த்த கூடத்தில், கண்ணாடிக்குள், கோடைக்குக் கோடை அந்த மெழுகு இளகிற்று. மெட்டுகள் தலைக்கொரு பக்கம் சாய்ந்தன. ஒருநாள் அலமாரியின் பின்பலகையைக் கொறித்து நுழைந்த எலி சுரைக்குடுக்கையைத் தின்றது. அறுபது வயதுக்குமேல் பெரியம்மா ஒருமுறை அதை வெளியே எடுத்து மடியில் வைத்ததாகவும், ஒரு தந்தியைக்கூட மீட்டாமல் திரும்ப வைத்துவிட்டதாகவும் சொல்வார்கள். அவர் போனபிறகு பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து எடுத்துப்போனார். இப்போது அது ஏதோ ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் இருக்கலாம். அங்கும் யாரேனும் ஒரு குழந்தையிடம் அது ஷோவுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். வீணையைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். சரஸ்வதி பூஜையன்று அலமாரிக்கே சந்தனம் குங்குமம். ஆனால் நம் மரபு என்ன சொல்கிறது? ஆண்டில் ஒரே நாள்தான் வாத்தியத்தையும் ஏட்டையும் தொடக்கூடாது; மறுநாள் விஜயதசமி விடிந்ததும் எடுத்தே ஆக வேண்டும். அந்த ஒருநாள் விலக்கத்துக்குப் பொருள் வருவதே மற்ற நாட்களின் புழக்கத்தால். முன்னூற்று அறுபத்தைந்து நாளும் பூஜையாக்கியவர்களை ஆசாரசீலர்கள் என்று எப்படிச் சொல்வது? வீணையோ உகுலேலேவோ, பலாவோ கோவாவோ, பக்தியின் பெயரால் பூட்டினாலும் அலங்காரத்தின் பெயரால் அறைந்தாலும், உள்ளே மெழுகு உருகுவது ஒன்றுபோலத்தான்.

உகுலேலேவை வீணையோடு ஒப்பிடலாமா என்று சாஸ்திரீய நண்பர்கள் சீறுவார்கள் என்பதை அறிவோம். இசை மேன்மையில் ஒப்பிடவில்லை. பெரியம்மாவுக்கு வாய்க்காத ஒரு வசதி உகுலேலேவுக்கு உண்டு என்றே சொல்கிறோம். நாலடி நீள வீணையை எடுக்க இடம் வேண்டும், சம்மணமிட நேரம் வேண்டும், வீட்டாரின் அனுமதி வேண்டும். இதையோ குக்கர் மூன்றாம் விசில் அடிப்பதற்குள் எடுத்து இரண்டு சுரம் மீட்டி மாட்டிவிடலாம். அந்த ஒரே வரத்தையும் ஏழடி உயரத்தில் கொண்டுபோய்க் கட்டிவைப்பதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

புதுமனை நண்பருக்கு இதையெல்லாம் அன்றே சொன்னோம், சற்று மென்மையாக. அடுத்த ஞாயிறு ஒரு செட் நைலான் தந்தியும் இருவிரல் தாங்கியும் வாங்கிக்கொண்டு போனோம். அண்ணன் மகளும் வந்திருந்தாள். தந்தியை மாற்றிச் சுருதி சேர்த்துக் கொடுத்ததும், ஒரு மணி நேரம் ஒரே இரண்டு சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டி வீட்டிலிருந்த அனைவர் பொறுமையையும் சோதித்தாள். மேற்குச் சுவரை விட்டுவிட்டு, படிப்பறையின் உட்சுவரில் மூன்றரை அடி உயரத்தில் பென்சிலால் குறியிட்டுக் காட்டினோம். நண்பர் நெடுநேரம் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புத்தர் முகத்துக்கும் மதுபானிக்கும் நடுவே இடம் வெறுமையாகத் தெரியுமே என்றார். உள்ளலங்காரம் செய்தவரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.